ஆறாவது எலும்பு

வரப்போரம் கிடந்த மண்கட்டிக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கண் இருந்தது.

அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. கரையாம்புத்தூரில், நவரைப் பட்டத்துக்காகத் தண்ணீர் கட்டி உழுது போட்டிருந்த கழனி. பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பனி இன்னும் விலகவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் குந்தியிருந்தேன். எட்டத்தில் நாலைந்து வெள்ளைக் கொக்குகள் தெரிந்தன. என் கவனமெல்லாம் அவற்றின் மேல்தான். அவ்வளவு நேரமும் பன்னிரண்டடி தள்ளி, கிட்டத்தட்ட என் காலடியில், ஒரு மடையான் நின்றிருக்கிறது. சேற்றின் நிறத்தில் முதுகு. காய்ந்த கோரைபோல் மார்பில் கோடுகள். கழுத்து இருக்கும் இடமே தெரியவில்லை.

மண்வெட்டியோடு மடை திருப்ப வந்த கழனிக்காரர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொக்க படம் புடிக்கவா சார் பாண்டியிலேர்ந்து வந்தீங்க? அது எங்க போவப் போவுது. நாங்க வரப்பு வெட்டுனாக்கூட நவுறாது. குருட்டுக் கொக்குதான?"

சொல்லிக்கொண்டே இன்னோர் அடி எடுத்து வைத்தார். மண்கட்டி எழுந்தது. எழுந்த நொடியில் அது மண் நிறமாக இல்லை. சலவைக்குப் போய்வந்த வேட்டியை யாரோ உதறியதுபோல முழு வெள்ளை. நாலு கழனி தாண்டி இறங்கியது. இறக்கையை மூடியது. மறுபடியும் காணாமல் போனது.

மடையானின் உடம்பில் நடக்கும் வித்தை இவ்வளவுதான். இறக்கைகளும் வாலும் இடுப்பும் வெள்ளை. முதுகும் தோள் இறகுகளும் பழுப்பு. நிற்கும்போது பழுப்பு வெள்ளையை மூடிவிடுகிறது, பறக்கும்போது வெள்ளை விரிந்து பழுப்பை விழுங்கிவிடுகிறது. ‘குருட்டுக் கொக்கு’ என்ற பெயர் இங்கே மட்டும் வழங்குவதில்லை. சிங்களத்திலும் இதைக் ‘கண கொக்கா’ என்பார்கள், அரைக்குருட்டுக் கொக்கு என்று பொருள். ஆள் நெருங்கியும் பறக்காத பறவைக்குக் கண் தெரியவில்லை என்று இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியே முடிவு கட்டியிருக்கிறார்கள். உண்மையில் அன்று காலை குருடாக இருந்தது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ‘மடையான்’ என்பதை மடையன் என்ற வசவோடு சேர்த்துப் பேசுவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் பாயும் மடைவாயில் மீன்குஞ்சுக்காக நிற்கும் பறவைக்கு மடையான் என்பதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன?

கரையாம்புத்தூருக்கு வருகிறவர்கள் வழியில் மாநிலம் விட்டு மாநிலம் இரண்டு மூன்று முறை மாறுகிறார்கள். புதுச்சேரியின் கிராமப்புறம் தமிழ்நாட்டுக்குள் தெளித்த துளிகளாகச் சிதறிக் கிடப்பது. எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைச் சாலையோரச் சாராயக்கடைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த இந்த ஊருக்குப் பக்கத்தில் தென்பெண்ணை ஓடுகிறது. அருகே சொர்ணாவூரில் அணைக்கட்டு. அங்கிருந்து பிரிகிற பங்காரு வாய்க்கால்தான் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஆறு, வாய்க்கால், ஏரி, கழனி என்று தண்ணீர் நாலு விதமான ஆழத்தில் நிற்கிற நிலம் இது. கொக்கு இனத்துக்கு ஆழம்தான் விலாசம். எவ்வளவு நீளக் கால், எவ்வளவு ஆழத் தண்ணீர் என்பதைப் பொறுத்தே அவை இடம் பிரித்துக்கொள்கின்றன.

ஆனால் இந்த அத்தியாயம் காலைப் பற்றியது அல்ல, கழுத்தைப் பற்றியது.

*

திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள், 490-ஆவது, கொக்கை உவமை சொல்கிறது. காலம் வரும்வரை கொக்கைப்போல் இரு, வந்ததும் அதன் குத்தைப்போல் செய் என்பது கருத்து. பள்ளிக்கூடத்தில் பொறுமைக்குப் பாடமாக இதைப் படித்திருப்போம். பறவை பார்க்கத் தொடங்கிய பிறகு எனக்கு அதில் ஒரு வினைச்சொல் உறுத்தியது. காத்திருக்கிற கொக்கை வள்ளுவர் ‘கூம்பு’கிறது என்கிறார். மாலையில் தாமரை கூம்பும், கும்பிடும்போது கை கூம்பும். விரிந்திருப்பது மடங்கிக் குவிவதுதான் கூம்புதல். சும்மா நிற்பதற்கு அந்தச் சொல் எதற்கு? வள்ளுவர் கொக்கின் கழுத்தைப் பார்த்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

நம் கழுத்தில் 7 எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான், ஒவ்வொன்றும் நீளம், அவ்வளவுதான். கொக்கின் கழுத்திலோ 20 அல்லது 21. எண்ணிக்கை கூடக் கூட வளைவு கூடும் என்பது புரிகிறது. பாம்புக்குக் கழுத்து வைத்ததுபோல அது வழவழப்பாக வளைந்திருக்க வேண்டும். ஆனால் பெரிய வெள்ளைக்கொக்கு ஒன்று கழுத்தை நிமிர்த்தி நிற்கும்போது பாருங்கள்: மேல்பக்கம் ஓரிடத்தில் முறிந்து சரியாகச் சேராத எலும்புபோல ஒரு கோணல் இருக்கும். தலையிலிருந்து எண்ணினால் அந்த இடத்தில் வருவது ஆறாவது எலும்பு. மற்றவற்றைவிட நீண்டது. அதன் இரு முனைகளிலும் மூட்டு அமைந்திருக்கும் விதத்தால் கழுத்து அங்கே கீல் போட்ட கதவுபோல மடங்கும், பிறகு ஒரே வீச்சில் நிமிரும். மடங்கிய நிலையில் கழுத்து ஆங்கில ‘எஸ்’ எழுத்தாகிறது. நாம் ‘ஓய்வாக நிற்கிறது’ என்று நினைக்கும் அந்த நிலை, நாண் இழுத்த வில்லின் நிலை.

ஆகாயத்தில் போகிற பறவையை அடையாளம் காணவும் இதே எலும்பு உதவும். கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்துத் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் கழுத்தை முன்னால் நீட்டியபடி பறக்கும். மடக்கினால் கொக்கு, நீட்டினால் நாரை. அன்று காலையே இரண்டும் தலைக்கு மேல் போயின. மடக்கிய கழுத்தோடு உண்ணிக்கொக்குகள் ஒழுங்கில்லாத வரிசையில், சற்று நேரம் கழித்து நீட்டிய கழுத்தோடு நாலு நத்தைகுத்தி நாரைகள்.

விதி சுலபம். பெயர்கள்தாம் சிக்கல். நீளக் கால், நீளக் கழுத்து, பெரிய உடம்பு இருந்தால் தமிழில் நாரை என்று சொல்லிவிடுகிறோம். சாம்பல் நாரையும் செந்நாரையும் கொக்குக் குடும்பம். மஞ்சள்மூக்கு நாரை வேறு குடும்பம். சத்திமுத்தப் புலவர் மனைவிக்குத் தூது விட்ட செங்கால் நாரை எது என்று கேட்டால், சிவந்த காலையும் பனங்கிழங்கு பிளந்தாற்போன்ற அலகையும் வைத்துப் பார்க்கும்போது குளிர்காலத்தில் வலசை வருகிற வெண்ணாரை என்று தோன்றுகிறது. அது கொக்கு இல்லை. சாம்பல் நாரையின் கால் சிவப்பும் இல்லை.

தமிழர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டதற்கு வெட்கப்பட வேண்டாம். அறிவியலும் குழப்பிக்கொண்டது, அதுவும் நம் புதுச்சேரிப் பறவையை வைத்தே. புதுச்சேரியில் பிடிபட்ட ஒரு நத்தைகுத்தி நாரை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1780-ல் பூஃபோன் என்ற இயற்கையியலாளர் எழுதிய பறவை நூலில் விவரிக்கப்பட்டது. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி மிஞ்சுவதைப் பார்த்து ‘திறந்த அலகு’ என்று பெயரிட்டார். அதற்கு வண்ணப்படமும் அச்சானது. 1783-ல் டச்சு அறிஞர் பொட்டார்ட் அந்தப் படத்தைக் கொண்டு லத்தீன் பெயர் சூட்டினார்: ‘ஆர்டியா ஆசிட்டன்ஸ்’. ஆர்டியா என்றால் கொக்கு. ஆசிட்டன்ஸ் என்றால் கொட்டாவி விடுவது. கொட்டாவிக் கொக்கு! லின்னேயஸ் காலத்திலிருந்தே கொக்கு, நாரை, சாரசக் கொக்கு எல்லாவற்றையும் ஆர்டியா என்ற ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். பொட்டார்ட் அந்தக் கூடையில் இன்னொன்றைப் போட்டார். அதே நூலில் நம் உண்ணிக்கொக்குக்கும் அவர் பெயர் வைத்தார், ‘கோரமாண்டா’ என்று. சோழமண்டலக் கரையை ஐரோப்பியர்கள் கோரமண்டல் என்றார்கள் அல்லவா? மாட்டின் முதுகில் ஏறி ஊர்சுற்றும் அந்தக் கொக்கு இன்றைக்கும் உலகப் பறவைப் பட்டியலில் நம் கடற்கரையின் பெயரோடுதான் இருக்கிறது.

அந்தக் கொட்டாவி எதற்கு என்ற கேள்விக்கும் நெடுநாள் தவறான விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாக்குவெட்டிபோல நத்தை ஓட்டை அந்த இடைவெளியில் வைத்து நொறுக்குகிறது என்பது பரவலான நம்பிக்கை. 1971-ல் கால் என்ற ஆய்வாளர் பொறுமையாகக் கவனித்து எழுதினார்: பறவை ஓட்டை நொறுக்குவதில்லை. மேலலகின் நுனியால் நத்தையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கீழலகின் கூர்முனையை உள்ளே விட்டுத் தசையை அறுத்து இழுக்கிறது. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளியே கிடையாது, வளர வளரத்தான் வருகிறது. கரையாம்புத்தூர் வரப்புகளில் உடையாமல் காலியாகக் கிடக்கும் நத்தை ஓடுகளை இனிப் பார்க்கும்போது யார் வேலை என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கொக்கு யாருக்கு உறவு என்ற வழக்கை முடித்தது மரபணு. 169 பறவை இனங்களை ஒப்பிட்டு 2008-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வும் அதன் பின் வந்தவையும் கொக்கை நாரையிடமிருந்து பிரித்து வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டன. கொக்கின் பங்காளி கூழைக்கடா! தொண்டையில் பை தொங்கும் அந்தப் பெரிய பறவையும் கொக்கும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் இப்போது ஒரே வரிசை. நாரைகள் தனியே நிற்கின்றன. நீளக் காலும் நீளக் கழுத்தும் உறவின் அடையாளமே இல்லை, சேற்றுத் தண்ணீரில் இரை தேடும் தொழிலின் அடையாளம்.

*

எட்டு மணிக்கு டிராக்டர் வந்தது. இரும்புக் கேஜ்வீல் போட்டுச் சேறடிக்கத் தொடங்கியதும் எங்கிருந்தோ ஐம்பது, அறுபது கொக்குகள் கூடிவிட்டன. ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியின் பின்னால், சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில் இடம்பிடிக்க ஓடுகிறவர்கள்போல் அவை ஓடின.

எல்லாம் வெள்ளைதான் என்றாலும் எல்லாம் ஒன்றில்லை. மஞ்சள் அலகும் தடித்த தாடையும் உள்ளவை உண்ணிக்கொக்குகள். கறுப்பு அலகும் கறுப்புக் காலும், காலுக்கு மட்டும் மஞ்சள் சாக்ஸ் போட்டதுபோல விரல்களும் உள்ளவை சின்ன வெள்ளைக்கொக்குகள். ஒரு மணி நேரம் பார்த்ததில் ஒன்று புரிந்தது. உண்ணிக்கொக்குகள் புரண்ட சேற்றின் மேட்டிலும் வரப்பிலும் ஓடி, பிள்ளைப்பூச்சியையும் வெட்டுக்கிளியையும் தவளையையும் கொத்தின. சின்ன வெள்ளைக்கொக்குகள் கழனியின் தாழ்ந்த மூலையில், தண்ணீர் நின்ற இடத்தில், விரல்களால் சேற்றைக் கிளறிக் கிளறிக் குத்தின. இரண்டுக்கும் நடுவே யாரோ கயிறு கட்டியதுபோல இருந்தது.

கயிறு கட்டியது ஒளி. ஒரு சொம்பில் காசைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், காசு மேலே எழும்பி வந்ததுபோல் தெரியும். தண்ணீருக்குள்ளிருந்து காற்றுக்கு வரும் ஒளி எல்லையில் வளைந்துவிடுவதால் வரும் மயக்கம் அது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. நேர் மேலிருந்து பார்த்தால் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மீன் 15 சென்டிமீட்டரில் இருப்பதாகத் தோன்றும். கொக்கு நேர் மேலிருந்து பார்ப்பதும் இல்லை, சாய்வாகப் பார்க்கிறது. சாயச் சாயப் பொய் பெரிதாகும். கண் காட்டிய இடத்தில் குத்தினால் அலகு மீனின் முதுகுக்கு மேலே போய்விடும். மீன் இல்லாத இடத்தைக் குறிவைத்தால்தான் மீன் கிடைக்கும்.

இந்தக் கணக்கைக் கொக்கு போடுகிறதா என்று இஸ்ரேலைச் சேர்ந்த காடி காட்சிர் 1980-களிலிருந்து தொடர்ந்து சோதித்துப் பார்த்தார். தொட்டியில் மீனை வைத்து, கரைக்கொக்கும் சின்ன வெள்ளைக்கொக்கும் குத்துவதைப் படமெடுத்து அளந்தார். அவை போடுகின்றன. தலை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருந்தாலும் தெரியும் ஆழத்துக்கும் உண்மை ஆழத்துக்கும் உள்ள விகிதத்தை ஈடுகட்டும் விதமாகவே தங்கள் வீச்சை அமைத்துக்கொள்கின்றன. 1999-ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரை எனக்கு இன்னும் பிடிக்கும். அதில் நாலு கொக்கினங்களைப் போட்டிக்கு விட்டார்கள்: சின்ன வெள்ளைக்கொக்கு, வக்கா எனப்படும் இராக்கொக்கு, நம் மடையானின் நெருங்கிய உறவான ஸ்குவாக்கோ கொக்கு, பிறகு உண்ணிக்கொக்கு. மீன் காற்றில் இருந்தபோது உண்ணிக்கொக்கும் நன்றாகவே கொத்தியது. தண்ணீருக்குள் போனதும் மற்ற மூன்றும் சமாளித்தன, உண்ணிக்கொக்கு தடுமாறியது. மாட்டின் பின்னால் போய்ப் புல்லில் பூச்சி பிடிக்கிற வாழ்க்கைக்குத் திரும்பிய கொக்குக்கு அந்தக் கணக்குச் சரியாக வரவில்லை. கழனியில் நான் கண்ட கண்ணுக்குத் தெரியாத கயிறு அதுதானோ என்னவோ. ஆய்வகமும் கரையாம்புத்தூரும் ஒன்றில்லை என்றாலும், அன்று காலை முழுக்க எந்த உண்ணிக்கொக்கும் முழங்கால் தண்ணீரில் இறங்கவில்லை.

தண்ணீர்க் கணக்கு வராவிட்டாலும் போகட்டும், மாட்டின் பின்னால் போகிற அந்த வாழ்க்கை உண்ணிக்கொக்குக்கு உலகத்தையே எழுதிக் கொடுத்தது. ஆப்பிரிக்காவிலிருந்த அதன் இன்னொரு கிளை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் யாரும் ஏற்றிச் செல்லாமலே அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தென் அமெரிக்காவில் இறங்கியது. காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கிய மனிதர்கள் அங்கே மாடுகளோடு காத்திருந்தார்கள்.

*

இப்போது கேமரா. கொக்கைப் படமெடுப்பது சுலபம் என்று நினைத்துத்தான் எல்லாரும் தொடங்குகிறோம். பெரிய பறவை, அசையாமல் நிற்கிறது, வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வெள்ளைதான் முதல் வலை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுத்த சேறு சட்டத்தை நிறைத்திருந்தால், ‘இருட்டாக இருக்கிறதே’ என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். சேறு நன்றாகத் தெரியும். கொக்கு மட்டும் இறகின் நூல் ஒன்றுகூடத் தெரியாத வெள்ளை ஓட்டையாகிவிடும். என் முதல் ஆண்டுப் படங்கள் எல்லாம் கொக்கு வடிவத்தில் கத்தரித்த தாள்கள். ஒரு ஸ்டாப், சமயத்தில் ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுத்தால் இறகு தெரியும், வீட்டில் வந்து சேற்றை வெளுத்துக்கொள்ளலாம். ஒன்பது மணிக்கு மேல் அதுவும் பலிக்காது. நம் ஊர் வெயிலில் உச்சி வேளைக் கொக்கு யார் எடுத்தாலும் தாள்தான்.

அடுத்தது குத்து. மடையான் மீனைக் குத்துவதைக் கண்ணால் பார்த்து, விரலுக்குச் செய்தி போய்ப் பொத்தானை அமுக்குவதற்கு நமக்குக் கிட்டத்தட்ட கால் வினாடி ஆகும். அதற்குள் ஆறாவது எலும்பு நிமிர்ந்து, அலகு தண்ணீரில் இறங்கி, மீனோடு திரும்பிவிடும். பார்த்துவிட்டு அமுக்கியவனுக்குக் கிடைப்பது தெறித்த தண்ணீர். இதற்காகவே இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பொத்தானை முழுதாக அமுக்குவதற்கு முந்தைய நொடியையும் சேமித்துக் கொடுக்கின்றன. கடனுக்கு வாங்கிய காலம் என்று எனக்குத் தோன்றும், ஆனாலும் வசதி கிடைத்தால் வேண்டாமென்று சொல்லமாட்டேன். அது இல்லாதவர்கள் பறவையைப் படிக்கத்தான் வேண்டும். குத்துவதற்கு முன்னால் உடம்பு மெல்லத் தாழும். கழுத்து முன்னால் சரியும். சில சமயம் கழுத்து மட்டும் இடவலமாக ஊஞ்சலாடும், தலை ஆணி அடித்தாற்போல் நிற்கும். அந்த ஊஞ்சல் நிற்கிற நொடியில் அமுக்க வேண்டும். ‘கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற’ வேலைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை இது. அன்று காலை 412 படம் எடுத்தேன். அலகு தண்ணீரைத் தொடுகிற கணம் விழுந்தவை மூன்று. அதில் ஒன்றில்தான் கண் கூர்மை.

தலை ஆணி அடித்தாற்போல் என்றேன். அதையும் அளந்திருக்கிறார்கள். கொக்குகளை ஒரு கம்பில் நிற்கவைத்து அந்தக் கம்பை ஆட்டினால், உடம்பு கம்போடு போகிறது, தலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் இருக்கும் கழுத்து அத்தனை ஆட்டத்தையும் விழுங்கிவிடுகிறது. காற்றில் ஆடும் மூங்கில் கிளையில் உட்கார்ந்த கொக்கை வைத்து நீங்களே இதைச் சோதிக்கலாம். என் லென்ஸுக்குள் கை நடுக்கத்தை ஈடுகட்டும் பொறி ஒன்று இருக்கிறது, அதற்காகவே தனியாக விலை கொடுத்திருக்கிறேன். கொக்குக்கு அது பிறவியிலேயே 20 எலும்பில் வந்த வசதி. பார்க்கிற கண் அசைந்தால் மீன் கலங்கித் தெரியும் என்பது இருவருக்கும் பொது.

இன்னொன்று, வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும்போது கொக்கு தலையைப் பக்கவாட்டில் சாய்க்கும். அந்தச் சாய்வு சூரியனிருக்கும் திசையைப் பொறுத்து அமைகிறது என்றும், பளபளப்பைத் தவிர்க்க உதவுகிறது என்றும் கிரெப்ஸ், பார்ட்ரிட்ஜ் என்ற இருவர் 1973-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நாம் அதற்கு லென்ஸின் முன்னால் வடிகட்டிக் கண்ணாடியை மாட்டித் திருகுகிறோம். கொக்கின் கண்களோ முன்னாலும் கீழேயும் பார்க்கும்படி அமைந்தவை. அலகைக் கிடையாக வைத்துக்கொண்டே தன் விரல்களை இரண்டு கண்ணாலும் அதனால் பார்க்க முடியும். எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பதாக நாம் நினைக்கும் கொக்கு அநேகமாகத் தன் காலடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

படமெடுப்பவர்கள் பற்றி ஒரு குறை சொல்லிவிடுகிறேன். கூடு கட்டும் காலத்தில் மடையான் ஆளே மாறிவிடும். முதுகு அடர்ந்த சிவப்புப் பட்டு, பிடரியில் நீள வெள்ளைக் கொண்டை இறகு. சின்ன வெள்ளைக்கொக்கின் முதுகில் சல்லாத் துணிபோல இறகுகள் முளைக்கும். அந்த நாளில்தான் பலர் நானூறு, அறுநூறு லென்ஸோடு கூட்டுக்குக் கீழேயே போய் நிற்கிறார்கள். தாய் எழுந்தால் வெயிலும் காகமும் குஞ்சைப் பார்த்துக்கொள்ளும். நல்ல படம் கிடைத்தது என்று காட்டும்போது எனக்குப் பாராட்ட வாய் வருவதில்லை.

அந்தச் சல்லா இறகுக்கு ஒரு காலத்தில் லண்டனிலும் பாரீஸிலும் நியூயார்க்கிலும் தங்கத்துக்கு மேல் விலை இருந்தது, பெண்களின் தொப்பியில் செருக. கூட்டிலிருக்கும் கொக்கைச் சுட்டால்தான் அந்த இறகு கிடைக்கும், குஞ்சுகள் பட்டினியில் சாகும். இதை எதிர்த்து 1889-ல் இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய பெண்கள் சங்கம்தான் பின்னாளில் அந்நாட்டின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமாயிற்று. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதியை 1902-ல் தடை செய்தார்கள். அதன் பிறகும் சிந்துவில் கொக்குகளைப் பண்ணைவைத்து வளர்த்து, உயிரோடு இறகு பிடுங்கி விற்றிருக்கிறார்கள். நம் பக்கம் வேறு மாதிரிக் கதையும் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் 1798-ல் உத்தரவு வாங்கினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் கழனிக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

*

மதியம் பாகூர் ஏரிக்கரைக்குப் போனேன். புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு சகோதரிகள் தங்கள் பொருளைக் கொட்டி வாய்க்கால் வெட்டிவைத்தார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள், பங்காரு வாய்க்கால் அந்தப் பங்காரியின் பெயராம். ஏரியில் ஆழம் கூடினால் உயரமும் கூடிவிடுகிறது. மடையானின் இடத்தில் சாம்பல் நாரை நிற்கும். சம்பும் கோரையும் அடர்ந்த ஓரத்தில் செந்நாரை, செங்குத்தாக நின்றால் அதுவும் ஒரு சம்புத் தண்டுதான். நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் கரையை ஒட்டி நின்ற ஒரு சாம்பல் நாரை ஏழு அடி நடந்தது. ஏழு முறையும் எண்ணினேன், வேறு வேலை இல்லை.

ஒரு விலாங்கைப் பிடித்தது. வழுவழுப்பான அந்த மீன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போராடியதில் மார்பெல்லாம் கோழை. விழுங்கி முடித்ததும் நாரை ஒரு காரியம் செய்தது. அலகால் மார்பின் உள்ளிறகைக் கிளறி, அதில் படிந்த ஏதோ ஒன்றைக் கழுத்தில் தேய்த்தது. பவுடர்! கொக்கினத்துக்கு மார்பிலும் விலாவிலும் இடுப்பிலும் தனிவகை இறகுத் திட்டுகள் உண்டு. அவை உதிராமல் வளர்ந்துகொண்டே நுனியில் மாவாகப் பொடிந்துகொண்டிருக்கும். கோழையை அந்த மாவு உறிஞ்சிக் கட்டியாக்கும். பிறகு நடுவிரல் நகத்தால் வாரி எடுத்துவிடும். அந்த நகத்தின் ஓரம் சீப்புப்போல் பல் பல்லாக இருக்கும். பவுடரும் சீப்பும் உடம்பிலேயே வைத்திருக்கிற பறவையின் அந்த அலங்காரத்தை நான் முழுதாக எடுத்தேன். நண்பர்களிடம் காட்டினால் எல்லாரும் அதற்கு முந்தைய விலாங்குப் படத்தைத்தான் கேட்கிறார்கள்.

வெயில் தாழ்ந்ததும் மறுபடி கரையாம்புத்தூர், இந்த முறை ஆற்றுப்பக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டபோது இந்தத் தென்பெண்ணை கரை கொள்ளாமல் பாகூர்ப் பக்கமெல்லாம் புகுந்தது. மற்ற நாட்களில் அது மணலும் கோரையும் ஆங்காங்கே மடுவுமாகக் கிடக்கிற ஆறு. வற்றுகிற மடுவில் மீன்கள் நெருங்கும். ஆழம் குறைந்தால் தண்ணீரின் பொய்யும் குறைந்துவிடுகிறது, இரண்டு விரல் ஆழத்தில் மயங்க என்ன இருக்கிறது. கடைசி வெளிச்சத்தில் பதினாறு கொக்குகள் அந்த ஒரு மடுவைச் சுற்றி நின்றன, இடித்துக்கொள்ளாத தூரத்தில், எல்லாக் கழுத்தும் கூம்பி.

ஆறரைக்கு அவை ஒவ்வொன்றாக எழுந்து தோப்புப் பக்கம் போயின. அவை காலி செய்த இடத்துக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. கட்டைக் கழுத்து, கறுத்த முதுகு, சிவந்த பெரிய கண்: வக்கா. பகலெல்லாம் மரத்தில் தூங்கிவிட்டு இரவு ஷிஃப்டுக்கு வருகிற கொக்கு. பறக்கும்போது ‘வக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதிலிருந்து பெயர். ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றினேன், ஷட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பதினைந்தில் ஒரு வினாடிக்கு வந்தபோது திரையில் சாம்பல் தீற்றல் ஒன்றுதான் இருந்தது. கேமராவைப் பையில் வைத்தேன்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் இருட்டில் நடந்தபோது தலைக்கு மேல் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒன்று, சற்று விட்டு இரண்டு. விரல் விட்டு எண்ணினேன். வண்டி வரும்வரைக்கும் பதினொன்று.